ஐஜிஎம் 190, டோட்டல் புரோட்டீன் 10.4: எதை நம்புவது?

கேள்வி: 2024 மார்ச் 4, மாலை 6.10

அப்பாவுக்கு 67 வயது. இரண்டு மாதமாகச் சோர்வு, அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது. இஎஸ்ஆர் (சிவப்பணு படியும் வேகம்) 128. டோட்டல் புரோட்டீன் 10.4 கிராம், அல்புமின் 3.0. டாக்டர் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று ஆன்டிபாடி வகைகளையும் அளக்க எழுதிக் கொடுத்தார். ஐஜிஜி 620, ஐஜிஏ 58, ஐஜிஎம் 190 என்று வந்திருக்கிறது. ஐஜிஎம் நார்மல், மற்ற இரண்டும் கொஞ்சம் குறைவு. "ஆன்டிபாடி எதுவும் கூடவில்லை, பயப்பட வேண்டாம், மெஷின் ரிசல்ட் தப்பாகாது" என்று லேபில் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் இஎஸ்ஆர் ஏன் இவ்வளவு? இதோடு விட்டுவிடலாமா?

மார்ச் 4, இரவு 9.40

விட்டுவிடக் கூடாது. நீங்கள் கொடுத்த எண்களைக் கூட்டிக் கழித்தாலே அந்த 190 நிற்காது.

10.4-இல் அல்புமின் 3.0 போனால் மிச்சம் 7.4 கிராம். இது முழுக்க குளோபுலின், அதாவது ஆன்டிபாடிகளும் சேர்ந்த மற்ற ரத்தப் புரதங்கள். ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றையும் கூட்டினால் 868 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம்கூட இல்லை. ஆல்பா, பீட்டா வகைப் புரதங்களுக்குத் தாராளமாக இரண்டரை கிராம் ஒதுக்குங்கள். அப்போதும் 4 கிராம் கணக்கில் வரவில்லை. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 4 கிராம் புரதம் சும்மா காணாமல் போகாது. மூன்றில் ஒன்று பொய்யாகக் குறைந்து வந்திருக்கிறது. என் சந்தேகம் ஐஜிஎம் மேல்தான்.

நான் பயோகெமிஸ்ட்ரி லேபில் 22 வருடமாக இருக்கிறேன். இந்த மாதிரி ரிப்போர்ட்டை நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 4, இரவு 10.05

முக்கியமானதை விட்டுவிட்டேன். மூக்கில் ரத்தம் வருவதோடு பார்வை மங்கல், தலைவலி, தலைசுற்றல், தடுமாற்றம் ஏதாவது இருக்கிறதா? ஐஜிஎம் மூலக்கூறு ஐந்து சேர்ந்து ஒன்றான உருவம், எடை ஒன்பது லட்சம் டால்டனுக்கு மேல். அது 4,000 மில்லிகிராமைத் தாண்டும்போது ரத்தமே குழம்பு மாதிரி கெட்டியாகி, கண்ணிலும் மூளையிலும் ஓட்டம் மந்தமாகலாம். இருந்தால் காலையில் முதல் வேலையாக ரத்தநோய் மருத்துவர், கூடவே கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை. லேப் சண்டையெல்லாம் அப்புறம்.

லேபில் கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: "அதே சாம்பிளை 10 மடங்கும் 100 மடங்கும் டைல்யூட் செய்து ஐஜிஎம் மறுபடி போடுங்கள்." கூடவே ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் வகை பிரித்துக் காட்டும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரிசிஸ். கோபப்பட வேண்டாம், எண்களைக் காட்டுங்கள். கணக்குத் தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தால் போதும், உடனே புரியும்.

மார்ச் 5, காலை 6.30

"அதிகமாக இருந்தால் மெஷின் அதிகமாகத்தானே காட்டும், எப்படிக் குறைத்துக் காட்டும்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதைச் சொல்லிக் கொடுக்காமலே பல டிப்ளமோ வகுப்புகள் முடிந்துவிடுகின்றன.

ஐஜிஎம்மை அளக்க மெஷின் செய்வது இது. ஐஜிஎம்மைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ரீஜெண்டாக, அதாவது பரிசோதனைத் திரவமாக, ஊற்றுகிறது. இரண்டும் பின்னிக்கொண்டு வலையாகும். வலை உருவானால் திரவம் கலங்கும். கலங்கலில் வெளிச்சம் எவ்வளவு சிதறுகிறது அல்லது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து எண் சொல்கிறது. நெஃபலோமெட்ரி, டர்பிடிமெட்ரி இரண்டுக்கும் இதுதான் அடிப்படை.

பந்தல் போடுகிறார்கள் என்று வையுங்கள். ஆள் நூறு, ஆளுக்கு இரண்டு கை. கம்பம் இருபது. ஒருவர் ஒரு கையால் ஒரு கம்பத்தையும் மறு கையால் பக்கத்துக் கம்பத்தையும் பிடித்தால் எல்லாக் கம்பமும் ஒன்றோடொன்று இணைந்துவிடும், பந்தல் எழும். கம்பம் ஆயிரம் வந்து இறங்கிவிட்டால்? ஆளுக்கு இரண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாக நிற்பார்கள். எந்தக் கம்பத்தையும் இரண்டு பேர் பிடிக்கவில்லை, பந்தலே இல்லை. தூரத்திலிருந்து பந்தலின் அளவை வைத்துக் கம்பத்தை எண்ணுகிறவர் "கம்பம் கொஞ்சம்தான்" என்பார்.

ரீஜெண்டின் ஆன்டிபாடிதான் ஆட்கள், ஐஜிஎம்தான் கம்பம், மெஷின் அந்தத் தூரத்து ஆள். கலங்கல் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். ஏறும் பக்கத்திலும் 190 உண்டு, இறங்கும் பக்கத்திலும் 190 உண்டு. இந்த மலை மாதிரியான வளைகோட்டை 1930களிலேயே ஹைடல்பெர்கரும் கெண்டலும் வரைந்து காட்டிவிட்டார்கள்.

மார்ச் 5, காலை 7.15

இன்னொன்று. அளவுக்கு மேலே போன சாம்பிளை மெஷின் தானாகவே டைல்யூட் செய்து மறுபடி போடும். டெக்னீஷியனும் 'ஹை' என்று வந்தால் நின்று பார்ப்பார். இந்த 190 அளவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. எச்சரிக்கைக் குறி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, மறு ஓட்டம் இல்லை. நேராகப் பிரிண்டருக்குப் போய்விடும். என்னை 22 வருடமாகத் தூங்கவிடாதது இதுதான்.

மார்ச் 5, இரவு 9.00

இப்படிப் பொய்யாகக் குறைவதைப் பற்றி 'புரோசோன் என்று தேடிப் பாருங்கள்' என்று கீழே ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். ஒரு மைக்ரோபயாலஜி ஆசிரியர் திருத்தியிருக்கிறார்: புரோசோன் என்பது ஆன்டிபாடி மிகுதி, இங்கே நடப்பது ஆன்டிஜன் மிகுதி, சரியான பெயர் போஸ்ட்சோன். அவர் சொல்வது சரி. லேபில் இரண்டையும் புரோசோன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், கிட் தாளிலேயே சில சமயம் அப்படித்தான் இருக்கும். ஆனால் இங்கே பெயர் குழம்பினால் புரிதலும் குழம்பும், ஏனென்றால் நோயாளியின் ஐஜிஎம் தானே ஒரு ஆன்டிபாடி. ரீஜெண்டில் இருக்கும் ஆன்டிபாடிக்கு அதுதான் பிடிபடும் பொருள், அதாவது ஆன்டிஜன். ஆன்டிபாடியை அளக்கும் இடத்தில் ஆன்டிஜன் மிகுதி என்று சொல்வது அதனால்தான். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

மார்ச் 6, இரவு 10.30

"இப்போதைய மெஷின்களில் ஆன்டிஜன் எக்ஸஸ் செக் இருக்கிறதே" என்று இரண்டு பேர். இருக்கிறது. ஒரு வகையில் முதலில் சாம்பிளில் சின்னத் துளி மட்டும் விட்டுப் பார்க்கும். அந்தத் துளிக்கே அதிகமாகக் கலங்கினால் முழு அளவைப் போடாமல் டைல்யூஷனுக்கு அனுப்பிவிடும். இன்னொரு வகையில் கடைசியில் கொஞ்சம் கூடுதல் ஆன்டிஜன் சேர்த்துப் பார்க்கும். ஆன்டிபாடி மிச்சம் இருந்தால் கலங்கல் கூடும், எல்லாக் கையும் ஏற்கனவே நிரம்பியிருந்தால் கூடாது. கலங்கல் ஏறும் வேகத்தைப் பார்ப்பதும் உண்டு.

நல்ல ஏற்பாடுகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் ஐஜிஎம் ஓடுவது தனி நெஃபலோமீட்டரில் இல்லை, சர்க்கரையும் கிரியேட்டினினும் ஓடும் அதே கெமிஸ்ட்ரி அனலைசரில், வேறு கம்பெனி ரீஜெண்டோடு. அந்தச் செட்டிங்கில் செக் போட்டிருக்கிறார்களா என்பதை ரீஜெண்ட் மாற்றிய அன்று யாராவது பார்த்திருக்க வேண்டும். அடுத்தது, கிட் தாளில் "இந்த அளவு வரை புரோசோன் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அந்த அளவுக்கு மேலே என்ன ஆகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. மூன்றாவது, ஒரே குளோனிலிருந்து, அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டத்திலிருந்து, வரும் புரதம் எல்லாம் ஒரே அச்சு. கலப்பான சாதாரண ஐஜிஎம்மை வைத்துச் சரிபார்த்த செக்குக்கு அது அடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மார்ச் 7, மாலை 5.20

கேட்டவர் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்கு ஒரு வாரமாகப் பேப்பர் படிக்க முடியவில்லையாம், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். தம்பி, இன்றே போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

மார்ச் 7, இரவு 11.10

தூக்கம் வரவில்லை. முதல் நாள் பிறகு எழுதுகிறேன் என்று சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு நடுத்தர மருத்துவமனை, ஊர் வேண்டாம். குளிர்ந்தால் விரல் நுனி நீலமாகிறது என்று ஒரு அம்மா. ஐஜிஎம் எழுதியிருந்தார்கள். சாம்பிள் சாயங்காலம் வந்தது, அந்த டெஸ்ட் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடும், அதனால் ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் எடுத்தபோது சீரத்தின் அடியில் வெள்ளையாக, பாதி ஜெல்லி மாதிரி ஏதோ இருந்தது. ரத்தம் உறையும்போது உருவாகும் நாரான ஃபைப்ரின் என்று நினைத்தேன். மறுபடி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, தெளிந்த மேல் பகுதியை மட்டும் எடுத்து ஓட்டினேன். ஐஜிஎம் 70. கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தபோது, எங்கள் சீனியர் அக்கா அந்த டியூபை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்தார். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். வெள்ளை மெல்லக் கரைந்தது. ஃபைப்ரின் கரையாது. கரைந்தது கிரையோகுளோபுலின், குளிரில் உறைந்து கீழே இறங்கும் ஆன்டிபாடி. நான் தேட வேண்டியதைத்தான் சுற்றிக் கீழே தள்ளி, மிச்சத்தை அளந்திருக்கிறேன். சூட்டோடு பிரித்து ஓட்டியபோது 70 இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் வந்தது. அக்கா திட்டவில்லை. "இனிமே டியூபைக் கையில பிடிச்சு வெளிச்சத்துல பாத்துட்டு அப்புறம் வை" என்றார், அவ்வளவுதான். இன்றைக்கும் ஒவ்வொரு இம்யூனோகுளோபுலின் சாம்பிளையும் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன்.

இந்த வகைக்கு டைல்யூஷன் உதவாது. ரத்தம் எடுக்கும் சிரிஞ்சும் டியூபும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், 37 டிகிரியிலேயே உறைய விட வேண்டும், சுற்றுவதும் சூட்டோடு. வெளியூருக்கு ஐஸ் பெட்டியில் அனுப்பும் கலெக்ஷன் சென்டர்களில் இது வழியிலேயே தொலைந்துவிடும்.

மார்ச் 8, காலை 6.45

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. மிகவும் கெட்டியான சீரத்தை மெஷினின் ஊசி சரியான அளவு உறிஞ்சாமலும் போகலாம். அப்போது ஐஜிஎம் மட்டும் அல்ல, அந்தச் சாம்பிளில் போட்ட எல்லாமே குறைவாக வரும். பக்கத்து டெஸ்ட்களையும் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

டைல்யூட் செய்யும் தம்பிகளுக்கு: சலைன் பயன்படுத்துங்கள், டிஸ்டில்ட் வாட்டர் வேண்டாம். இந்த ஐஜிஎம் பலருக்குத் தண்ணீரில் விட்டால் வெள்ளையாகத் திரிந்துவிடும். பழைய லேப்களில் சியா டெஸ்ட் என்று இதையே பரிசோதனையாக வைத்திருந்தார்கள்: டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டு சீரம், திரிகிறதா என்று பார்ப்பது. முதலில் காலா அசாருக்காக வந்தது. அந்த நோயின் கிருமியை டோனவன் 1903-இல் நம் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார். சியா டெஸ்ட்டை நம்பி இன்று யாரும் முடிவு சொல்வதில்லை, ஆனால் சலைனா தண்ணீரா என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள அது போதும்.

மார்ச் 9, பகல் 1.30

ரிசல்ட் வந்துவிட்டது. அவர் அனுமதியோடு போடுகிறேன்.

டைல்யூட் செய்யாமல் 190. 10 மடங்கு டைல்யூஷனில் பெருக்கிய பிறகு 4,700. 20 மடங்கில் 5,260. 100 மடங்கில் 5,310. எலக்ட்ரோபோரிசிஸில் ஒற்றை எம் பேண்ட் (ஒரே குளோனின் புரதம் குவிந்து தெரியும் பட்டை), 4.5 கிராம். அது எந்த வகை என்று சொல்லும் இம்யூனோஃபிக்சேஷனில் ஐஜிஎம் கப்பா.

எண்கள் போகும் போக்கைப் பாருங்கள். ஒழுங்கான சாம்பிளை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். இங்கே 190-இலிருந்து 4,700-க்குத் தாவி, பிறகு 5,260, 5,310 என்று சமன்படுகிறது. சமன்பட்ட இடம்தான் உண்மை. 10 மடங்கோடு நிறுத்தியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறைவாகவே சொல்லியிருப்பார்கள். இரண்டு அடுத்தடுத்த டைல்யூஷன் ஒத்துப்போகும் வரை போக வேண்டும்.

விழித்திரையில் ரத்தநாளங்கள் வீங்கிக் கோத்த மணி மாதிரி இருக்கின்றன, சில இடங்களில் ரத்தக்கசிவு. இன்றே சேர்த்துவிட்டார்கள், ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றம் தொடங்குகிறது. மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பிறகுதான் பெயர் சொல்வார்கள். ஐஜிஎம்மை மிகையாகச் சுரக்கும் ரத்தப் புற்றுநோய் வகையான வால்டன்ஸ்ட்ராம் நோயாக இருக்கலாம் என்று அவர்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார். 1944-இல் ஸ்வீடனில் யான் வால்டன்ஸ்ட்ராம் விவரித்த நோய். அவர் விவரித்ததும் இதே மாதிரி மூக்கிலும் வாயிலும் ரத்தக்கசிவு, எகிறிய இஎஸ்ஆர் உள்ள நோயாளிகளைத்தான். பல வருடம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக்கூடியது, தம்பி. இப்போதைய அவசரம் அந்தக் கெட்டித்தன்மை மட்டும்தான்.

மார்ச் 9, இரவு 10.00

"4.5 கிராம் என்கிறது ஒன்று, 5.3 என்கிறது இன்னொன்று, மறுபடியும் இரண்டு எண்ணா?" என்று அந்தத் தம்பி கேட்கிறார். இது பயப்பட வேண்டிய வித்தியாசம் இல்லை. எலக்ட்ரோபோரிசிஸ் பேண்டின் பரப்பைப் பார்த்து டோட்டல் புரோட்டீனிலிருந்து பங்கு பிரிக்கிறது. மற்றது கலங்கலை வைத்துக் கணக்கிடுகிறது, பெரிய ஐஜிஎம்களில் அது கொஞ்சம் தூக்கியே சொல்லும். முறை வேறு, அளவுகோல் வேறு. இனிமேல் சிகிச்சை முழுக்க ஒரே லேப், ஒரே முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றிப் பார்த்தால் குறைந்ததா கூடியதா என்றே தெரியாது.

மார்ச் 11, காலை 7.00

முந்தின ரிப்போர்ட்களை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். டிசம்பரில் எடுத்த கொழுப்புப் பரிசோதனையில் ஹெச்டிஎல் 6! எந்த மனிதருக்கும் ஹெச்டிஎல் சும்மா 6 வராது. இந்த ஐஜிஎம் சில ரீஜெண்ட்களோடு சேர்ந்ததும் திரிந்து, ஹெச்டிஎல்லைக் கீழே இழுக்கும், பிலிருபினையும் பாஸ்பரஸையும் கண்டபடி ஆட்டும். டிசம்பரிலேயே தடயம் மேஜை மேல் இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ரிப்போர்ட்டின் கீழே "நடைப்பயிற்சி செய்யவும்" என்று அச்சடித்திருக்கிறது. எனக்கு மனசே ஆறவில்லை.

மார்ச் 12, இரவு 9.30

மூன்று திருத்தம், எல்லாம் நான் முதல் நாள் வேகத்தில் எழுதியதற்கு.

டோட்டல் புரோட்டீன் மைனஸ் அல்புமின் 4-க்கு மேல் போனால் அது கட்டாயம் எம் பேண்ட்தான் என்று படித்தவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. நாள்பட்ட கல்லீரல் நோய், ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி, லூபஸ், தொழுநோயின் கடுமையான வகை, இவற்றிலெல்லாம் ஆன்டிபாடி பல குளோன்களிலிருந்து கூடும். அப்போது ஐஜிஜியும் கூடியே வரும், கணக்கு ஒத்துப்போகும். நான் பார்க்கச் சொல்வது இடைவெளி பெரிதாக இருந்தும் மூன்று எண்களும் அதை நிரப்பாத நிலையை.

அடுத்து அல்புமின். நம் லேப்களில் பிசிஜி சாயம் வைத்துத்தான் அல்புமின் பார்க்கிறோம். அல்புமின் தாழ்ந்திருக்கும்போது அந்தச் சாயம் கொஞ்சம் குளோபுலினையும் சேர்த்துப் பிடித்துவிடும், அல்புமின் கூடுதலாகத் தெரியும். அதனால் உண்மையான இடைவெளி காகிதத்தில் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். இடைவெளி 3.8 என்று வந்தால் நிம்மதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். குறைந்த எண் எல்லாம் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயில், ஆன்டிபாடியின் சின்னப் பகுதியான லைட் செயின் மட்டும் சுரக்கும் வகை உண்டு. அதில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றும் நிஜமாகவே தாழ்ந்திருக்கும், புரதக் கணக்கும் ஒத்துப்போகும், இடைவெளியும் சின்னதாக இருக்கும். நோயோ உள்ளே முற்றிக்கொண்டிருக்கும். இந்தத் தம்பியின் அப்பாவுக்கும் ஐஜிஜி, ஐஜிஏ குறைவு நிஜக் குறைவுதான், ஐஜிஎம் குளோன் மற்றவற்றை அமுக்கிவிட்டது. சிறுநீரில் புரதம் இழப்பவர்களுக்கும், ரிட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்து போட்டவர்கள் சிலருக்கும் நிஜமாகவே குறையும். டைல்யூட் செய்தும் எண் மாறவில்லை என்றால் அது நிஜம், அதற்கான காரணத்தைத் தேட வேண்டும். அங்கே ஃப்ரீ லைட் செயின் கேளுங்கள், அதற்கும் ஆன்டிஜன் மிகுதிப் பிரச்சினை உண்டு என்பதை மறக்காமல்.

மார்ச் 14, இரவு 10.20

பேச்சு வேறு பரிசோதனைகள் பக்கம் போகிறது, போகட்டும், எல்லாம் இந்தப் பிரச்சினைக்குச் சொந்தக்காரர்கள்தான்.

ஒரு தோல் மருத்துவர் கேட்டார், சிபிலிஸுக்கான ஆர்பிஆர் ரத்தப் பரிசோதனையில் இது நடக்குமா என்று. நடக்கும். அங்கே மைக்ரோபயாலஜி ஆசிரியர் சொன்ன நிஜமான புரோசோன், நோயாளியின் ஆன்டிபாடியே அளவுக்கு மீறுவது. இரண்டாம் கட்ட சிபிலிஸில், ஹெச்ஐவியும் சேர்ந்திருந்தால் இன்னும் அதிகமாக. அபூர்வம்தான், ஆனால் தவறினால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும். உள்ளங்கையில் தடிப்புடன் வந்த ஒரு இளைஞருக்கு ஆர்பிஆர் நான்-ரியாக்டிவ் என்று அனுப்பினோம். டாக்டர் போன் செய்து, "கை சொல்றது வேற, உங்க கார்டு சொல்றது வேற" என்றார். கார்டை மறுபடி பார்த்தேன். கரித்துகள் ஒழுங்காகப் பரவாமல் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. 16 மடங்கு டைல்யூட் செய்ததும் திட்டுத் திட்டாகக் கூடியது, 256 வரை ரியாக்டிவ். அந்தச் சொரசொரப்பைப் பார்த்தாலே டைல்யூட் செய்ய வேண்டும் என்பது எங்கள் லேபில் அன்றிலிருந்து சட்டம். புரூசெல்லா டியூப் டெஸ்ட்டும் இப்படித்தான், முதல் நாலைந்து டியூப் காலியாக இருந்து அதற்குப் பிறகு ஒட்டும். சீக்கிரம் நிறுத்தினால் மாட்டுப்பண்ணைக்காரர் காய்ச்சலோடு திரும்பிப் போவார்.

மார்ச் 15, காலை 6.40

ஆர்ஹெச் நெகட்டிவ் கர்ப்பிணி ஒருவர்: ஐசிடி (சிவப்பணுவைத் தாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்ட்) நெகட்டிவ் வந்திருக்கிறது, அதுவும் பொய்யாகுமா?

முறையாகச் செய்தால் பயமில்லை. டியூப் முறையில் செல்லைச் சலைனில் மூன்று நாலு தடவை நன்றாகக் கழுவ வேண்டும். அரைகுறையாகக் கழுவினால், மிச்சமிருக்கும் சீரத்தின் ஐஜிஜியே கூம்ப்ஸ் ரீஜெண்டைத் தின்றுவிடும். செல்லில் ஆன்டிபாடி ஒட்டியிருந்தும் டியூப் நெகட்டிவாக நிற்கும். இதைக் கண்டுபிடிக்க அழகான வழி உண்டு. நெகட்டிவ் வந்த ஒவ்வொரு டியூபிலும் ஐஜிஜி பூசிய கன்ட்ரோல் செல் ஒரு சொட்டு விடுவார்கள். ரீஜெண்ட் உயிரோடு இருந்தால் அது ஒட்டும். ஒட்டவில்லை என்றால் அந்த நெகட்டிவ் செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும். நெகட்டிவைச் சோதிக்க ஒரு சோதனை! எல்லாப் பரிசோதனைக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்தச் சொட்டை விடும்போதெல்லாம் நினைப்பேன்.

மார்ச் 15, இரவு 9.50

நர்சிங் மாணவியின் ஹெபடைட்டிஸ் பி ஆன்டிபாடி 10-க்குக் கீழே, மூன்று ஊசி போட்டும். முடி கொட்டுவதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். ஆமாம், பயோட்டின் 10 மில்லிகிராம், தினமும் என்று பதில். சில மெஷின்கள் பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிடிப்பை வைத்து அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அந்தப் பிடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், சாண்ட்விச் வகை டெஸ்ட்டில் எண் இறங்கும். 2017-இல் அமெரிக்க எஃப்டிஏ இதை எச்சரித்தது. இப்போது பல கம்பெனிகள் ரீஜெண்டை மாற்றிவிட்டன, உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று லேபில் கேட்க வேண்டும். மாத்திரையை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுங்கள். ஊசி போட்டு வருடங்கள் ஆகியிருந்தால் நிஜமாகவே குறைந்திருக்கவும் கூடும், அதற்கு ஒரு பூஸ்டர் போட்டுப் பார்ப்பார்கள்.

மார்ச் 17, மாலை 4.00

ஐஜிஜியின் துணை வகையான ஐஜிஜி4 பற்றிக் கேட்டவருக்கு. மாமாவுக்குக் கணையம் வீங்கி, தாடையடியில் சுரப்பி வீங்கி, ஐஜிஜி4 மட்டும் 20 என்றால் நானும் நம்ப மாட்டேன். 2001-இல் ஜப்பானில் இந்தக் கணைய நோய்க்கும் ஐஜிஜி4-க்கும் உள்ள தொடர்பைச் சொன்னவர்கள் வைத்த எல்லை 135. 2014-இல் பாஸ்டன் மருத்துவர்கள், தங்கள் நோயாளிகள் சிலருக்கு ஐஜிஜி4 பொய்யாகக் குறைந்து வந்ததையும் டைல்யூட் செய்ததும் ஏறியதையும் எழுதினார்கள். எளிய சோதனை: ஐஜிஜி1, 2, 3, 4 நான்கையும் கூட்டுங்கள். மொத்த ஐஜிஜிக்குக் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும். பெரிய பள்ளம் இருந்தால் டைல்யூட் செய்யச் சொல்லுங்கள்.

மார்ச் 19, இரவு 10.45

ஒரு சின்ன லேப் வைத்திருப்பவர் மனம்விட்டு எழுதியிருக்கிறார்: ரீஜெண்ட் விலை என்ன தெரியுமா, எல்லா ஐஜிஎம்மையும் இரண்டு தடவை ஓட்டினால் கடையை மூட வேண்டியதுதான். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஓட்ட வேண்டாம். எங்கள் லேபில் இம்யூனோகுளோபுலின் கேட்டு வரும் சாம்பிள் எல்லாவற்றுக்கும் டோட்டல் புரோட்டீனும் அல்புமினும் காசு வாங்காமல் போடுகிறோம், அதற்கு ஆகும் செலவு ஒரு டீ விலைகூட இல்லை. கணக்கு இடித்தால் மட்டும் டைல்யூஷன். எலக்ட்ரோபோரிசிஸில் பேண்ட் இருந்து எண் குறைந்தாலும் அப்படியே. ஸ்மியரில் சிவப்பணுக்கள் காசு அடுக்கின மாதிரி ஒட்டியிருக்கின்றன என்று பக்கத்து மேஜையிலிருந்து சொன்னாலும் அப்படியே. மாதத்துக்கு ஒரு கை விரலில் எண்ணக்கூடிய டைல்யூஷன்தான் ஆகிறது.

இடிக்கும் கணக்கைக் கண்ணால் பிடிக்க முடியாது என்றால் கம்ப்யூட்டரில் ஒரு விதி எழுதி வைக்கலாம். நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். இரவு ஷிஃப்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது துணை.

மார்ச் 22, இரவு 8.15

இரண்டு பிளாஸ்மா மாற்றம் முடிந்திருக்கிறது. ஐஜிஎம் 2,380. மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது. ஐஜிஎம் பெரும்பாலும் ரத்தநாளத்துக்குள்ளேயே இருப்பதால் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது. சுரக்கும் இடத்துக்கு மருந்து கொடுக்காவிட்டால் ஏறிவிடும், அதை அவர்கள் மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். ரிட்டுக்சிமாப் தொடங்கினால் முதலில் ஐஜிஎம் கொஞ்சம் எகிறக்கூடும், அப்போது பதற வேண்டாம், ஆனால் அளக்காமலும் இருக்க வேண்டாம்.

புது ரிப்போர்ட்டின் படத்தை அனுப்பியிருக்கிறார். அதே லேப்தான், முதலில் 190 சொன்னவர்கள். எண்ணுக்குக் கீழே இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "20 மடங்கு, 40 மடங்கு நீர்த்தலில் அளந்து உறுதி செய்யப்பட்டது." அப்பா அந்த வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்துக் காட்டினாராம்.